ஸ்டேஷன் மாஸ்டரோடு ஓவியம் பார்த்தது

பாரிஸ் போய்விட்டு வந்தால் ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "மோனாலிசாவைப் பார்த்தீங்களா?" நாங்கள் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் பிரான்சில் இருந்தும் அது இருக்கிற லூவர் மியூசியத்தின் கண்ணாடிப் பிரமிடை வெளியே நின்று பார்த்ததோடு சரி. பாதிக் காரணம் என் சோம்பேறித்தனம், மீதிப் பாதி அப்பா.

அப்பா 34 வருடம் ரயில்வேயில் இருந்தவர். விழுப்புரத்தைச் சுற்றியுள்ள சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றார். ஓவியத்துக்கும் அவருக்கும் உள்ள ஒரே சம்பந்தம் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் முருகன் காலண்டர். எனக்கு ஓவியம் என்றால் சாப்பாடு வேண்டாம். அம்மா போன பிறகு அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, கூட்டிக்கொண்டு கிளம்பினேன். "படமெல்லாம் நீ பாரும்மா, நான் வெளிய ரயில் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். அப்படித்தான் பேச்சு. முதல் மியூசியத்திலேயே அந்தப் பேச்சு செல்லாமல் போனது. நான் கூட்டிக்கொண்டு போன மியூசியமே ஒரு ரயில்வே ஸ்டேஷன்.

ஓர்சே மியூசியம் வியாழக்கிழமைகளில் இரவு 9.45 வரை திறந்திருக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் டிக்கெட் விலையும் குறைவு. பகல் கூட்டம் வடிந்த பிறகு போனோம். உள்ளே நுழைந்து படிக்கட்டின் மேல் நின்றால் கீழே முழு நீளத்துக்கும் விரிகிறது அந்தக் கூடம். மேலே வளைந்த கண்ணாடிக் கூரை, எதிரே தங்க நிறத்தில் பெரிய கடிகாரம். அப்பா சிற்பங்களைப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரியாத்தான் ஓடுது."

1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பாரிஸ்–ஓர்லேயான் ரயில் கம்பெனி கட்டிய ஸ்டேஷன் இது. கட்டடக் கலைஞர் விக்டர் லாலூ. ஈஃபில் கோபுரத்தில் இருப்பதைவிட இதில் இரும்பு அதிகம், ஆனால் வெளியே தெரியாது. பக்கத்தில் அரண்மனைகள் இருக்கிற பகுதி என்பதால் இரும்பைக் கல்லால் மூடிவிட்டார்கள். ஆரம்பத்திலிருந்தே மின்சார இஞ்சின்தான், கரி கிடையாது, புகை கிடையாது. அதனால்தான் கூரையில் அத்தனை பூ வேலைப்பாடு செய்ய முடிந்தது. ஆனால் நாற்பது வருடம்கூட முழுசாக ஓடவில்லை. வண்டிகள் நீளமாகிக்கொண்டே போயின, பிளாட்பாரத்தை நீட்ட இடமில்லை. 1939-லிருந்து புறநகர் வண்டிகள் மட்டும் வந்தன. அப்புறம் ஏதேதோ வேலைக்குப் பயன்படுத்தினார்கள். இடித்துவிட்டு ஹோட்டல் கட்டலாம் என்றுகூடப் பேச்சு எழுந்து, கடைசியில் 1986-இல் மியூசியமாகத் திறந்தார்கள்.

இதை நான் விளக்கியதும் அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "பிளாட்பாரம் ஷார்ட்டா இருக்குன்னு ஸ்டேஷனை மூடிட்டாங்களா? என் ஸ்டேஷன்ல பெரிய வண்டி வந்து நின்னா கடைசி நாலு கோச் கருவேல முள்ளுக்குள்ளதான் நிக்கும். நான் என்ன, ஸ்டேஷனை மியூசியமாவா ஆக்கினேன்?"

ஐந்தாவது மாடியில் இருக்கிற பிரெஞ்சு ஓவியர் மோனேயின் படங்களை நோக்கி அவசரமாக நடந்துகொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தால் அப்பாவைக் காணோம். ஒரு படத்தின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். குஸ்தாவ் கைபோட் 1875-இல் வரைந்த படம். ஒரு பணக்கார வீட்டு அறையில், சட்டை போடாத மூன்று தொழிலாளிகள் முழங்காலிட்டு மரத்தரையைச் சீவிக்கொண்டிருக்கிறார்கள். பின்னாலிருக்கும் ஜன்னல் வழியாக வெளிச்சம் வருகிறது. சீவிய இடம் வெளிறிப் பட்டை பட்டையாகவும் சீவாத இடம் பழைய வார்னிஷோடு ஈரம் போல மின்னிக்கொண்டும் இருக்கும். சுருள் சுருளாக மரச்சீவல் கிடக்கும். வலது ஓரத்தில் ஒரு ஒயின் பாட்டில், பக்கத்தில் ஒரு கண்ணாடித் தம்ளர். அந்த வருடத்து அதிகாரபூர்வக் கண்காட்சியின் நடுவர்கள் இதை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குடியானவர்கள் வயலில் வேலை செய்வதை வரைந்தால் ஏற்றுக்கொள்வார்கள். நகரத்துக் கூலிக்காரன் வியர்வையோடு கூடத்துக்குள் வந்தால் ஆகாது.

"இந்த ரெண்டு பேரும் பேசிக்கிட்டே வேலை பாக்கறாங்க, தலை சாஞ்சிருக்கு பாரு" என்றார் அப்பா. "மூணாவது ஆள் பேசல. கூலி எவ்வளவுன்னு கணக்குப் போடறான்." கொஞ்ச நேரம் கழித்து, "முட்டி போயிடும்மா இந்த வேலைல. எங்க கேங்மேன் எத்தனை பேருக்குப் போச்சு" என்றார். கல்லூரியில் இந்தப் படத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியவள் நான். முழங்காலைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை.

மேலே போனோம். மோனே 1877-இல் சேன் லாசார் ரயில் நிலையத்தை 12 முறை வரைந்தார். அதில் ஒன்று ஓர்சேயில் இருக்கிறது. அதை முதலில் வாங்கியவர் அதே கைபோட்தான். அவர் இறந்த பிறகு அவரது சேகரிப்பில் ஒரு பகுதி அரசுக்குப் போனது, அதில் இதுவும் ஒன்று. கூரையின் பெரிய முக்கோணம், அதன் கீழ் நீலமும் வெள்ளையுமாகப் புகை, புகைக்குள்ளிருந்து கறுப்பாக ஓர் இஞ்சின், பின்னால் வெயிலில் கரைகிற மாடி வீடுகள். அப்பா ஸ்டீம் இஞ்சின் காலத்தின் கடைசியைப் பார்த்தவர். படத்துக்கு ரொம்பக் கிட்டே போய், காவலர் "மெஸ்யூ" என்று மெல்லக் கூப்பிட்டதும் ஓரடி பின்னால் வந்தார். "ரெண்டு விதமா வரைஞ்சிருக்கான் பாத்தியா? கீழ வெள்ளையா இருக்கறது ஸ்டீம். மேல நீலமா நிக்கறது கரிப்புகை. தெரிஞ்சவன்தான் வரைஞ்சிருக்கான்."

இந்தப் படங்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். மோனே நல்ல உடை போட்டுக்கொண்டு ஸ்டேஷன் அதிகாரியிடம் போய் நின்றாராம். அவரும் மயங்கிப்போய், ரயில்களை நிறுத்தி, இஞ்சின்களில் கரியை அள்ளிப் போட்டு நிறையப் புகை விடச் சொன்னாராம். அப்பா நம்பவில்லை. "எந்த ஸ்டேஷன் மாஸ்டரும் ஒத்துக்கமாட்டான். கரிக் கணக்கு யார் எழுதறது?"

மறுநாள் அதே சேன் லாசாரிலிருந்து நார்மண்டிப் பகுதியில் இருக்கும் ரூவான் நகரத்துக்குக் கிளம்பினோம். பாரிஸில் சென்ட்ரல் மாதிரி ஒரே பெரிய ஸ்டேஷன் கிடையாது, திசைக்கு ஒன்று. வடக்கே போக கார் து நோர், தெற்கே போக கார் து லியோன், நார்மண்டிக்கு சேன் லாசார். பிரெஞ்சில் ஸ்டேஷனுக்கு 'கார்' என்று பெயர். "கார்னு பேர் வச்சுட்டு ரயில் விடறாங்க" என்பது அப்பாவின் ஜோக், ஒரு நாளைக்கு இரண்டு முறை வரும். எந்தக் கார் என்று டிக்கெட்டில் பார்க்காமல் கிளம்பினால் அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்துக்குப் பழக நாளாகும். பிளாட்பாரம் எது என்று பெரும்பாலும் புறப்பட இருபது நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் போடுவார்கள். அதுவரை அத்தனை பேரும் சாமி புறப்பாட்டுக்குக் காத்திருப்பது போல பலகையை அண்ணாந்து பார்த்தபடி நிற்பார்கள். எண் வந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே பக்கம் சாயும். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" எல்லாம் இல்லை. நான்கு சுரத்தில் ஒரு சின்ன இசை, அப்புறம் ஒரு பெண் குரல். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு கொஞ்சமும் பிடிக்கவில்லை. "வயசானவங்க ஓடுவாங்களா?" என்றவர், பலகையில் எண் வந்ததும் எனக்கு முன்னால் ஓடினார்.

வண்டி நகர்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, அப்பா என் தோளைத் தட்டினார். "ஏம்மா, ரோட்டுல எல்லாரும் வலது பக்கமாப் போறாங்க. ரயில் மட்டும் ஏன் நம்ம ஊர் மாதிரி இடது பக்கமாப் போகுது?" எத்தனையோ முறை பிரான்சில் ரயில் ஏறியிருக்கிறேன், நான் கவனித்ததே இல்லை. போனில் தேடிப் படித்துக் காட்டினேன். இங்கே முதல் ரயில் பாதைகள் சிலவற்றைப் போட்டுக் கொடுத்தவர்கள் இங்கிலீஷ்காரர்கள். நாங்கள் போய்க்கொண்டிருந்த பாரிஸ்–ரூவான் பாதையே 1843-இல் ஜோசப் லாக் என்ற இங்கிலீஷ் பொறியாளர் போட்டதுதான். அந்தப் பழக்கம் அப்படியே நின்றுவிட்டது. பாரிஸ் மெட்ரோ வலது பக்கம் ஓடும். ஜெர்மனியிடம் கொஞ்ச காலம் இருந்த அல்சாஸ் பகுதியில் ரயிலும் வலது பக்கம்தான். "அப்ப நமக்கும் இவங்களுக்கும் ஒரே வாத்தியார்" என்றார் அப்பா. அன்று முழுக்க அந்த சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. விழுப்புரத்திலிருந்து பாண்டிச்சேரிக்கு 1879-இல் பாதை வந்த கதை ஒன்று வைத்திருக்கிறார், அதையும் சொன்னார். இங்கிலீஷ்காரன் எல்லையிலிருந்து பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் போகிற வண்டி. அதை எழுத இன்னொரு கட்டுரை வேண்டும்.

ரூவான் ஸ்டேஷனிலிருந்து நுண்கலை மியூசியத்துக்குப் பத்து நிமிட நடை. நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் காசு கிடையாது. உள்ளே இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோவின் படம் ஒன்று தொங்குகிறது, தூணில் கட்டிய இயேசுவை இரண்டு பேர் அடிக்கிற படம். பாரிஸிலோ ரோமிலோ இருந்தால் அதன் முன் இருபது பேர் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். இங்கே நானும் ஒரு பள்ளிக்கூடப் பையனும் மட்டும். அவன் நோட்டில் தூணை வரைந்துகொண்டிருந்தான், தூணை மட்டும். அப்பா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைத் தளர்த்திக்கொண்டார். பாரிஸுக்கு வெளியே இருக்கும் மியூசியங்களை நான் சிபாரிசு செய்ய முதல் காரணம் இந்தக் காலி பெஞ்ச்தான்.

நான் வந்தது மோனேக்காக. 1892-லும் 1893-லும் குளிர்கால முடிவில் இந்த ஊருக்கு வந்து, கதீட்ரலுக்கு எதிரே இருந்த கட்டடங்களின் மாடியில் இடம் பிடித்து, ஒரே முகப்பை முப்பது முறை வரைந்தார் மோனே. வெயில் மாற மாற வேறு ஓவியத் துணியை எடுத்து வைத்துக்கொள்வார். அந்த வரிசையில் ஐந்து ஓர்சேயில் இருக்கின்றன. ரூவானில் தங்கியது மேகம் மூடிய நாளில் வரைந்த ஒன்று. கிட்டே பார்த்தால் காய்ந்த சுண்ணாம்புச் சுவர் போல இருக்கிறது. வண்ணம் திட்டுத் திட்டாக ஏறிக் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது. ஊதா, சாம்பல், அங்கங்கே ஒரு துளி மஞ்சள். நாலடி தள்ளி நின்றால் கல் ஆகிவிடுகிறது.

அங்கிருந்து நேராகக் கதீட்ரலுக்கு நடந்தோம். நவம்பர் மாதம், வானம் அச்சாக அந்தப் படத்தின் வானம். அப்பா எதிர்ப்பக்கத்துக் கடைகளை ஆராய்ந்து, "இந்த மாடியிலதான் உக்காந்திருப்பான், கோணம் சரியா வருது" என்று ஒரு ஜன்னலைக் காட்டினார். சரியோ தப்போ, அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று பேக்கரியில் வாங்கிய ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். மழை தூறியது.

ஞாயிற்றுக்கிழமை கார் து நோரிலிருந்து வடக்கே இருக்கும் லீல் நகரத்துக்குப் போனோம். சுமார் 220 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். அதிவேக ரயிலான டிஜிவி வயல்வெளியில் 300 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பக்கத்தில் இருக்கும் வேலி தெரியாது, தூரத்தில் இருக்கும் காற்றாலை மட்டும் மெதுவாகத் திரும்பும். அப்பா வண்டி ஏறும் முன்பே இரண்டு பெட்டிகளுக்கு நடுவே குனிந்து பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு கோச்சுக்கு நடுவுல ஒரே போகி! பாதி இதைத் தாங்குது, பாதி அதைத் தாங்குது." நம் ஊரில் எல்லோரும் ரயில் பெட்டியையே போகி என்கிறார்கள், அது அவருக்கு வாழ்நாள் கடுப்பு. போகி என்பது கீழே சக்கரங்கள் பொருத்தியிருக்கும் சட்டம்தான். "அதான் தடம் புரண்டாலும் பெட்டி தனித்தனியாக் கவிழாது" என்று பக்கத்து சீட்காரரிடம் தமிழிலேயே விளக்கினார். அவரும் தலையாட்டினார்.

டிஜிவி டிக்கெட் விமான டிக்கெட் மாதிரி, முன்கூட்டி எடுத்தால் மலிவு, கடைசி நேரத்தில் கொள்ளை. சீட் எண்ணோடுதான் வரும். ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட் கதையெல்லாம் இல்லை. சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிற டிஇஆர் வண்டிகள் நம் பாசஞ்சர் மாதிரி. ஏறு, கிடைத்த இடத்தில் உட்கார்.

லீலில் அறை போட்டுக்கொண்டு அன்றே பக்கத்து ஊரான ரூபே போனோம். மெட்ரோவில் ஓட்டுநர் கிடையாது. 1983-லிருந்தே அப்படித்தான் ஓடுகிறது. முன்வரிசையில் நின்று கண்ணாடி வழியாகச் சுரங்கத்தைப் பார்க்கலாம். சின்னப் பையன்களோடு போட்டி போட்டு அப்பா அந்த இடத்தைப் பிடித்தார். ரூபே ஒரு காலத்தில் நூற்பாலை நகரம். ஆலைத் தொழிலாளிகளின் வீடுகளில் குளியலறை கிடையாது. அதனால் நகராட்சி 1932-இல் ஒரு நீச்சல் குளம் கட்டித் திறந்தது, கூடவே தொட்டிக் குளியலறைகளும். 1985-இல் கூரை பலவீனமாகி மூடினார்கள். 2001-லிருந்து அது மியூசியம், பெயர் இன்னமும் லா பிஸீன், அதாவது நீச்சல் குளம்.

குளத்தை மூடிவிடவில்லை. நடுவில் நீளமாக ஒரு பட்டை தண்ணீர் விட்டிருக்கிறார்கள், அதன் இரு கரையிலும் சிலைகள். கூடத்தின் இரு முனையிலும் அரைவட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஒன்று உதிக்கிற சூரியன், இன்னொன்று மறைகிற சூரியன். அந்த ஆரஞ்சு நிறம் தண்ணீரில் விழுந்து சிலைகளின் காலடியில் ஆடுகிறது. உடை மாற்றும் சின்ன அறைகளில் பீங்கான் சாமான்களும் துணி மாதிரிகளும் வைத்திருக்கிறார்கள், பழைய ஷவர் குழாய்களும் ஓடுகளும் அப்படியே இருக்கின்றன. நாங்கள் ஒரு சலவைக்கல் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று குழந்தைகள் கத்துகிற சத்தம், தண்ணீரில் குதிக்கிற சத்தம். அப்பா திடுக்கிட்டுக் குளத்தை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. பதிவு செய்த ஒலியை அவ்வப்போது போடுகிறார்கள். "செத்துப்போன ஸ்டேஷன்ல இப்படி வண்டி வர்ற சத்தத்தைப் போட்டா நான் அழுதுடுவேன்" என்றார். ஓர்சேயை மியூசியமாக மாற்றிய மூன்று கட்டடக் கலைஞர்களில் ஒருவரான ழான்-பால் ஃபிலிப்போன்தான் இதையும் மாற்றியவர் என்று நான் சொன்னது அவர் காதில் விழவில்லை என்று நினைக்கிறேன்.

திங்கள் மதியம் லீல் நுண்கலை அரண்மனை. ஸ்பானிஷ் ஓவியர் கோயாவின் ஒரு படம் இங்கே இருக்கிறது, இரண்டு கிழவிகள். ஒருத்தி உடம்பெல்லாம் நகை, வெள்ளைப் பட்டு, தலையில் வைர அம்பு, கண்கள் சிவந்து பல்லெல்லாம் போய்விட்டது. வேலைக்காரி ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுகிறாள். கண்ணாடியின் முதுகில் ஸ்பானிஷில் 'எப்படி இருக்கே?' என்று எழுதியிருக்கிறது. அவர்களுக்குப் பின்னால் சிறகு முளைத்த ஒரு கிழவன், கையில் துடைப்பத்தை ஓங்கியபடி நிற்கிறான். அவன்தான் காலம். இரண்டு பேரையும் கூட்டித் தள்ளப்போகிறான். "நம்ம எமனுக்குப் பாசக்கயிறு. இங்க துடைப்பமா? அசிங்கமா இருக்கே" என்றார் அப்பா. சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை விட்டு நகர அவருக்கு நேரமானது. நானும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த நாள் நான் செய்த முட்டாள்தனம். லூவர் மியூசியம் 2012-இல் லான்ஸ் என்ற பழைய நிலக்கரிச் சுரங்க ஊரில் ஒரு கிளை திறந்தது. லீலிலிருந்து டிஇஆரில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். போனோம். செவ்வாய்க்கிழமை. பிரான்சில் மியூசியங்கள் வாரத்தில் ஒருநாள் விடுமுறை, ஆனால் எந்த நாள் என்பதில் ஒற்றுமை கிடையாது. லூவருக்குச் செவ்வாய், ஓர்சேக்குத் திங்கள், ரூவானுக்குச் செவ்வாய், ரூபேக்குத் திங்கள். இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருந்தவள், லான்ஸும் லூவர்தானே என்று ஒரு நொடி யோசிக்கவில்லை.

அப்பாவுக்கு வருத்தமே இல்லை, ஏனென்றால் லான்ஸ் ஸ்டேஷன் கட்டடமே ஒரு நீராவி இஞ்சின் வடிவத்தில் இருக்கிறது. முதல் உலகப் போரில் தரைமட்டமான ஊரை மறுபடி கட்டும்போது 1927-இல் எழுப்பியது. கடிகாரக் கோபுரம்தான் புகைபோக்கி. உள்ளே சுவரில் சுரங்கத் தொழிலாளர்களின் மொசைக் சித்திரங்கள். ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது போதும்மா, மியூசியம் பாத்தாச்சு" என்றார். புதன்கிழமை திரும்பவும் வந்தோம். இரண்டு தடவை டிக்கெட், ஆனால் எனக்குத் திட்டு விழவில்லை.

ஸ்டேஷனிலிருந்து மியூசியத்துக்கு இலவசப் பேருந்து உண்டு. நடந்தோம். சுரங்கத்துக்கும் சுரங்கத்துக்கும் இடையே கரி வண்டி ஓடிய பழைய தடங்களை இப்போது நடைபாதையாக்கி இருக்கிறார்கள். அப்பா அதன் வளைவைப் பார்த்தே "இது ரயில் பாதைதான், ரோடு இப்படி வளையாது" என்று கண்டுபிடித்துவிட்டார். தூரத்தில் கூம்பு கூம்பாகக் கறுப்பு மலைகள், பூமிக்கடியிலிருந்து தோண்டிக் கொட்டிய கழிவு. நெய்வேலிப் பக்கம் போனவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. இந்தப் பகுதியின் கடைசிச் சுரங்கம் 1990-இல் மூடியது.

மியூசியத்தை வடிவமைத்தது சனா என்ற ஜப்பானிய நிறுவனம். கண்ணாடியும் அலுமினியமும், ஒரே மாடி, தரையோடு தரையாக. முக்கியமான கூடத்துக்குக் 'காலத்தின் காட்சியறை' என்று பெயர், அனுமதி இலவசம். 120 மீட்டர் நீளத்துக்கு ஒரே அறை, குறுக்குச் சுவர் கிடையாது. இந்த முனையில் மெசபடோமியா, மறுமுனையில் நவீன காலத்துக்குப் பக்கம். பாரிஸ் லூவரில் எகிப்து ஒரு மூலை, கிரேக்கம் வேறு மூலை, இத்தாலி இன்னொரு மாடி. இங்கே ஒரே காலத்துப் பொருள்கள், எந்த நாட்டிலிருந்து வந்தாலும், பக்கம் பக்கமாக நிற்கின்றன. கிரேக்கப் பளிங்குக்கு நேர் எதிரே பாரசீகக் கல். சுவரில் ஒன்றுமே மாட்டவில்லை. மங்கலான அலுமினியத்தில் நம் நிழலும் சிலைகளின் நிழலும் கலங்கலாகத் தெரிகிறது.

அப்பா ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தார், ஒரே சீராக, அடி எண்ணிக்கொண்டு. "அஞ்சு கோச் நீளம் வருது. ஐயாயிரம் வருஷத்துக்கு அஞ்சு கோச்." கணக்கு ஏறக்குறைய சரி, நம் புது எல்எச்பி பெட்டி ஒன்று 23 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். மோனாலிசாவைப் பார்க்க பாரிஸில் வரிசையில் நின்றிருந்தால் அந்த நேரத்துக்குள் இந்த அறையை மூன்று முறை நடந்திருக்கலாம். நாங்கள் இரண்டு முறை நடந்தோம்.

லீலிலிருந்து திரும்பும் வண்டியைத் தவறவிட்டதையும் சொல்லிவிடுகிறேன். லீலில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள், ஃப்ளாண்டர், யூரோப். பத்து நிமிட நடைதான். பாரிஸ் வண்டி இரண்டிலிருந்தும் கிளம்பும். ஃப்ளாண்டர் முகப்பு ஒரு காலத்தில் பாரிஸின் பழைய கார் து நோருக்கு இருந்த முகப்பு. புது ஸ்டேஷன் கட்டும்போது கல் கல்லாகப் பிரித்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். அதை அப்பாவுக்கு ரசித்து விளக்கிக்கொண்டு நின்றேன். எங்கள் டிக்கெட் யூரோப்பிலிருந்து. கண்டுபிடித்து ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வண்டி நின்றுகொண்டிருந்தது, கதவு மூடியிருந்தது. புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே மூடிவிடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தார். நான் அங்கிருந்த ஊழியரிடம் கெஞ்சப் போனேன். அப்பா கையைப் பிடித்து இழுத்தார். "சிக்னல் குடுத்தாச்சு. நானா இருந்தாலும் திறக்கமாட்டேன். வா." அடுத்த வண்டிக்கு எடுத்த டிக்கெட்டின் விலையை இங்கே எழுதப் போவதில்லை.

பாரிஸில் கார் து நோரை விட்டு இறங்கினால் பத்து நிமிடத்தில் லா ஷபெல். ஃபோபூர் சேன் தெனி தெருவில் பாதிப் பலகைகள் தமிழில். ஈழத்துத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு. கத்தரிக்காய், முருங்கை, புடவைக் கடை, நகைக் கடை. ஒரு சாப்பாட்டுக் கடையில் "இருங்கோ ஐயா, என்ன குடிக்கிறியள்?" என்றார் கடைக்காரர். அப்பாவின் முகம் தளர்ந்தது, பிளேன்டீ வந்ததும் இன்னும் தளர்ந்தது. "லூவருக்குப் போகேல்லையோ?" என்று அவரும் கேட்டார். "லான்ஸ்ல பாத்தோம்" என்றார் அப்பா. கடைக்காரருக்குப் புரியவில்லை. அப்பா விளக்க ஆரம்பித்தார். ஒரே போகியில் ஆரம்பித்து, தரை சீவுகிறவர்களின் முழங்கால் வழியாக, துடைப்பம் வரை வந்தார். டீ ஆறிவிட்டது.

கடைசி நாள் மாலை லூவருக்கு நேரம் இருந்தது, டிக்கெட்டும் கிடைத்திருக்கும். "எங்க போலாம்?" என்று கேட்டேன். சேன் லாசாருக்குப் பின்னால் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பாலம் இருக்கிறது, யூரோப் பாலம். மோனேயின் படத்தில் புகைக்குப் பின்னால் மங்கலாகத் தெரிவது அதுதான். இப்போது இருப்பது பிறகு மாற்றிக் கட்டியது. அங்கே போய் நின்றோம். கீழே தடங்கள் விசிறி போல விரிந்து கூரைக்குள் போகின்றன. புகை இல்லை. விளக்குப் போட்ட ஜன்னல்களோடு புறநகர் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக, இடது பக்கமாகவே, போய்க்கொண்டிருந்தன. அப்பா தடங்களை எண்ணினார். பாதியில் விட்டுவிட்டார்.

ஒரு வண்டி எங்களுக்கு நேர் கீழே வந்தது. அப்பாவின் வலது கை தானாக மேலே எழுந்தது, கொடி பிடிக்கிற உயரத்துக்கு. அப்புறம் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"குளிருது. போலாம் வா."